கேட்டு வாங்கினால் வளராத கொடி

பேரழிவுகள் வரும், போகும், உயிர் நிலைத்து நிற்கும். இந்த மாபெரும் உண்மைக்கு மட்டக்களப்பு வாவிக்கரையில் பசுமையான சாட்சி ஒன்று இருந்தது. கடல் எழும்பி ஊருக்குள் வந்த நாளில் அது சாயவில்லை. ஷெல்கள் இரவு பகலாகப் பறந்த காலத்தில் அதன் ஓர் இலைகூட நடுங்கவில்லை.

சாயாததற்குக் காரணம், அது பிரிட்ஜின் மேல் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் இருந்தது. கடல் தண்ணீர் அந்த வீட்டின் இரண்டாவது படியோடு திரும்பிவிட்டது. ஷெல்களோ கூரைக்கு மேலால் வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போயின. நடுங்க வேண்டியவர்கள் அங்கே இருந்தார்கள்.

சாட்சியின் பெயர் மணிபிளாண்ட். வீட்டுக்குள் வளர்ப்பதற்கு இதைவிட இலேசான செடியை ஆண்டவன் இன்னும் படைக்கவில்லை. மண் தேவையில்லை, வெயிலும் தேவையில்லை. ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டால் வேர் விடும். தண்ணீர் மணக்கத் தொடங்கினால் மாற்றினால் சரி. மாற்ற மறந்தாலும் கோபிக்காது. இந்தச் செடியைச் சாகடிக்க வேண்டுமானால் ஒருவர் நன்றாகப் பாடுபட வேண்டும்.

நாவற்குடா வினாயகமூர்த்தி பாடுபட்டார்.

அவர் அரசாங்கக் கந்தோரொன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற பிரதம லிகிதர். அதோடு, சனங்களின் கடதாசிகளுக்கு ஒப்பம் வைத்து உறுதிப்படுத்தும் அகில இலங்கைச் சமாதான நீதவான். யுத்தம் நடந்துகொண்டிருந்த நாட்டில் சமாதான நீதவான்களுக்கு மட்டும் குறைவிருக்கவில்லை. வீட்டுக் கேற்றில் ஒரு பலகை தொங்கியது. அதில் பெயர் சிறிதாகவும் பதவி பெரிதாகவும் எழுதப்பட்டிருந்தன. வருடப் பிறப்புக்கு வருடப் பிறப்பு பதவிக்கு மட்டும் பெயின்ற் அடித்து வந்ததில் பெயர் மங்கி, அங்கே யாரோ ஒரு சமாதான நீதவான் இருக்கிறார் என்ற அளவில் வந்து நின்றது. கலியாணமோ செத்தவீடோ, எந்தக் கூட்டத்திலும் “இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன்” என்றுதான் தொடங்குவார். ஒன்றோடு நிறுத்தியதாக யாருக்கும் ஞாபகமில்லை.

அவருடைய மனைவி அன்னப்பூரணி அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லடியில் கடலோரம் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டாள். “நீங்களும் வாங்களன், ஒரு எட்டுப் போயிட்டு வருவம்” என்று கேட்டாள். அவர் ஒரு சங்கத்தின் பொன்விழா மலருக்கு ஆசிச்செய்தி எழுதிக்கொண்டிருந்தார். “வாழ்க, வளர்க” என்பதா, “வளர்க, வாழ்க” என்பதா என்ற யோசனையில் கையை மட்டும் அசைத்தார். அவள் போனாள். பிறகு கடல் வந்தது. அக்காவைக் கண்டெடுத்தார்கள். அன்னப்பூரணி கிடைக்கவில்லை.

எரிக்க ஒன்றுமில்லை, கரைக்கச் சாம்பலுமில்லை. சனங்கள் வந்து அழுதுவிட்டுப் போன பிறகு ஒரு நாள் வினாயகமூர்த்தி தாகத்துக்குத் தண்ணீர் எடுக்கக் குசினிக்குள் போனார். தண்ணீர் எடுக்கிற பாத்திரம் எது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தபோதுதான் பிரிட்ஜின் மேல் அந்தப் போத்தலைக் கண்டார். தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தது. கொடியின் நுனியில் ஓர் இலை அப்போதுதான் சுருள் விரிந்துகொண்டிருந்தது. அது அன்னப்பூரணி போன பிறகு வந்த இலை. ஆனால் அவள் ஊற்றிய தண்ணீரில் வந்தது. இதை அவர் நின்ற இடத்திலேயே விளங்கிக்கொண்டார். அவ்விடத்தில் எதையும் குறிப்பிட விரும்பவில்லை.

அதுவரைக்கும் அந்த வீட்டில் அப்படியொரு செடி இருப்பதே அவருக்குத் தெரியாது.

அன்றிலிருந்து அது அவருக்கு இன்னொரு பதவியாயிற்று. போத்தல் குசினியிலிருந்து ஹோலுக்கு வந்து, பின்னல் விரிப்புப் போட்ட ஸ்டூலில் அமர்ந்தது. ஊரெல்லாம் நிவாரண நிறுவனங்களின் கொடி கட்டிய ஜீப்புகள் திரிந்த காலம் அது. மனத் துயரத்தை விசாரிக்க வந்த வெள்ளைக்காரப் பெண்ணொருத்திக்குத் தன் மனத்தைக் காட்டாமல் செடியைக் காட்டினார். அவள் அதைப் படமெடுத்துக்கொண்டு போனாள். கேட்டவர்களுக்கெல்லாம், “பேராதனைப் பூங்காவில இருந்து எடுப்பிச்சது. அபூர்வ சாதி. பாருங்க, இலையில மஞ்சள் தெளிச்சிருக்கு” என்றார். பொய் சொல்ல வேண்டுமென்று அவர் நினைக்கவில்லை. ஒரு சமாதான நீதவானின் ஹோலில் இருக்கும் செடி வேறெங்கிருந்து வந்திருக்கும்?

பராமரிப்பு தொடங்கியது. தினமும் காலையில் கொதித்தாறிய தண்ணீர். வெள்ளிக்கிழமைகளில் அதற்குள் மாமாங்கக் கோயில் தீர்த்தம் ஒரு சொட்டு. இலைகள் பளபளக்க வேண்டுமென்று தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தார். வெக்கை என்றால் மின்விசிறிக்கு முன்னால் வைத்தார். குளிர் என்றால் முற்றத்து வெயிலில் வைத்தார். மணிபிளாண்ட் பொறுமையான செடி. இவ்வளவையும் தாங்கிக்கொண்டு, கொஞ்சம் இளைத்தாலும், உயிரோடு இருந்தது.

படுவான்கரைச் சனம் வாவி கடந்து இடம்பெயர்ந்த வருடம், அன்னப்பூரணியின் தம்பி குடும்பம் கொக்கட்டிச்சோலையிலிருந்து இவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அமைதியானதும் தாயும் தகப்பனும் தங்கள் வயலைப் பார்க்கத் திரும்பினார்கள். மகள் அஜந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு பாலர் பாடசாலையில் வேலை கிடைத்ததால் அவள் நின்றுவிட்டாள். அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். அவன் வன்னியில். படிக்கவும் போகவில்லை, வேலைக்கும் போகவில்லை, இயக்கத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவனைப் பற்றி அந்த வீட்டில் யாரும் கதைப்பதில்லை. எல்லாரும் செடியைப் பற்றிக் கதைத்தார்கள்.

“மாமா, மாமி இதுக்கு ஒண்டுமே செய்ய மாட்டா” என்றாள் அஜந்தா. “தண்ணி மணந்தா ஊத்திப்போட்டு வேற தண்ணி விடுவா. அவ்வளவுதான்.”

“உங்கட மாமிக்கு விஞ்ஞானம் தெரியாது, பிள்ள. இது வளருற உயிர். போசாக்கு வேணும்.”

போசாக்கு யூரியா உருவத்தில் வந்தது. அஜந்தாவின் தகப்பன் வயல் வட்டைக்கு எறிய வைத்திருந்த பையிலிருந்து கொஞ்சம் பொட்டலம் கட்டி அனுப்பியிருந்தார்.

“மாமா, அது ஏக்கர் கணக்கு வயலுக்குப் போடுற சாமான். போத்தலுக்குப் போடுறதா?”

“கரண்டிக் கணக்கில போடுவம்” என்றார் வினாயகமூர்த்தி, நிர்வாக அனுபவம் உள்ளவராக.

கடலுக்கும் ஷெல்லுக்கும் அசையாத சாட்சி யூரியாவுக்கு அசைந்தது. முதலில் அடியிலைகள் மஞ்சளாகின. மஞ்சள் தெளிப்பு அதிகமாகிறது என்று அவர் சந்தோஷப்பட்டார். பிறகு தண்டு கறுத்தது.

யுத்தம் முடிந்துவிட்டதாக வானொலி அறிவித்த வைகாசி நாளில் கடைசி இலை விழுந்தது. சந்தியில் பட்டாசு வெடித்தது. கடைகளுக்கு முன்னால் கொடி கட்டச் சொல்லியிருந்தார்கள். பின்னேரம் ஒரு மண்டபத்தில் கூட்டம். சமாதானம் வந்தபடியால் சமாதான நீதவானும் வர வேண்டும் என்று அழைத்திருந்தார்கள். வினாயகமூர்த்தி வேட்டியைக் கட்டி, உரைக் கடதாசியை மடித்துப் பையில் வைத்து, போகும்போது போத்தலை ஒரு முறை பார்த்தார். தண்டைத் தொட்டார். அது சளிபோலக் கையோடு வந்தது.

கதிரையில் இருந்தார். அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின.

அஜந்தா குசினியிலிருந்து வந்து, அவரையும் போத்தலையும் பார்த்தாள். நிலத்தில் குந்தி, அவரைவிடப் பலமாக அழுதாள். அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“என்ன புள்ள? ஏதும் செய்தி வந்ததா?”

“ஒண்டுமில்லக்கா. மாமாட செடி செத்துப்போச்சு.”

“ஐயோ…” என்று தொடங்கியவள் அந்த வேலியைப் பிடித்துக்கொண்டே அழுதாள். அவளுக்கும் வன்னியில் ஆள் இருந்தது. அன்று அந்த ஒழுங்கையில் ஒரு மணிபிளாண்டுக்காக மூன்று பேர் அழுதார்கள். பட்டாசுச் சத்தத்தில் வெளியே ஒன்றும் கேட்கவில்லை.

கூட்டத்துக்கு அவர் போகவில்லை. வயிற்றோட்டம் என்று சொல்லியனுப்பினார். அழைக்கப்பட்டும் வராத வேறு பலருக்கும் அன்று வயிற்றோட்டம்தான் என்று பிறகு கேள்விப்பட்டார்.

சில நாள் கழித்து, வெறும் போத்தலைக் கழுவிக் கவிழ்த்தபடி அஜந்தா சொன்னாள். “இன்னொரு துண்டு வைப்பம், மாமா.”

“கடையில விக்கிறாங்களா?”

“வாங்கக்கூடாது. மாமி சொல்லுவா, மணிபிளாண்ட காசு குடுத்து வாங்கினா வராதாம். கேட்டு வாங்கினாலும் வராதாம்.”

“அப்ப?”

“களவெடுக்கணும்.”

வினாயகமூர்த்தி நிமிர்ந்தார். “என்ன மூட நம்பிக்கை இது! என்ட வீட்டில இருந்தது…”

“மாமி களவெடுத்ததுதான்.”

“பேராதனையில இருந்து வந்தது!”

“மாமி பேராதனைய கண்ணாலயும் கண்டதில்ல, மாமா. நீங்க எப்ப கூட்டிப் போனீங்க?”

ஒரு சமாதான நீதவானின் மனைவி, அவருடைய கூரையின் கீழேயே களவுச் சாமானை வைத்து வளர்த்திருக்கிறாள்! வெகுநேரம் அந்த அவமானத்திலேயே இருந்தார். பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது, அவருடைய மூளையில் வேறொரு கணக்கு ஓடியது. களவெடுத்தாள் என்றால் ஒரு துண்டைத்தான் களவெடுத்திருப்பாள். மிச்சம் அங்கே இருக்கும். அவள் கைபட்ட அதே கொடி, எங்கேயோ ஒரு வீட்டில், இப்போதும் உயிரோடு படர்ந்துகொண்டிருக்கும். அதில் ஒரு துண்டு கிடைத்தால் அன்னப்பூரணியின் கொடி சாகவில்லை.

கோப்பையை வைத்தார். “யார்ட வீட்டில எடுத்தாவாம்?”

“எனக்குத் தெரியாது. ஆமினா உம்மாக்குத்தான் தெரியும். ரெண்டு பேரும் சேந்துதான் போனவ.”

ஆமினா உம்மா காத்தான்குடியிலிருந்து சாரம், சேலைகள் கொண்டுவந்து விற்பவர். அன்னப்பூரணி இருந்த காலத்தில் மூட்டையை இறக்கினால் எழும்ப மாட்டார். அவள் போன பிறகும் மாதம் ஒருதரம் வந்து, ஒன்றும் விற்காமல், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். அந்த முறை அவர் வந்து மூட்டையை இறக்கும்முன்னே வினாயகமூர்த்தி விசாரணையை ஆரம்பித்தார்.

உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திச் சிரித்தார். “அல்லாவே! இப்பதானா கேக்கிங்க?”

“சொல்லுங்க, உம்மா. யார்ட இடம்?”

“சொல்ல மாட்டன், ஐயா. அன்னத்திட கையில அடிச்சிச் சத்தியம் பண்ணின. அவருக்கு மட்டும் சொல்லிராதீங்க, என்னைப் பொலிசில குடுத்துப்போடுவார் எண்டா.”

“நான் ஏன் குடுக்கிறன்?”

“நீங்க குடுக்கிற ஆள்தான்” என்றார் உம்மா. அஜந்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

“பேர் வேணாம். ஒரு அடையாளம் சொல்லுங்க.”

உம்மா யோசித்தார். அவருடைய கண்ணில் குறும்பு வந்தது. “பெரிய மனிசன் ஒருத்தர்ர எடம். சொவர் நெறையப் படமும் பட்டமும். நாங்க ரெண்டு பேரும் நிண்டம், அவர் பேசினார். வாயத் தொறந்தா மூடுற ஆளில்ல. அவர் பேசி முடியிறதுக்குள்ள அன்னம் பிச்சி இடுப்பில செருகிட்டா. அந்தாளுக்கு இண்டைக்கு வரைக்கும் தெரியா.”

அடையாளங்களைக் கேட்டதும் வினாயகமூர்த்திக்கு ஒரு கணமும் சந்தேகம் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெரிய மனிதர்களின் வரிசையில் தன்னைச் சேர்க்காமல் எண்ணினார். விடை உடனே கிடைத்தது.

“பூபாலபிள்ளை!”

உம்மா தேத்தண்ணியை ஊதிக் குடித்தார்.

பூபாலபிள்ளை ஓய்வுபெற்ற பாடசாலைப் பரிசோதகர். சேவைச்செம்மல், செந்தமிழ்ச் சுடர் முதலிய பட்டங்களை ஏற்றவர். இன்னும் கொடுக்கப்படாதவை மட்டும் அவரிடம் இருக்கவில்லை. செத்தவீடுகளில் யார் முதலில் பேசுவது என்பதில் அவருக்கும் வினாயகமூர்த்திக்கும் பழைய பகை. கோயில் திருவிழா மலரொன்றில் அவருடைய படம் இவருடைய படத்தைவிடப் பெரிதாக வந்ததிலிருந்து இருவரும் முகம் பார்ப்பதில்லை. அந்த வீட்டுக்கு இப்போது போக வேண்டும். போய்க் களவெடுக்க வேண்டும்.

“கேட்டே வாங்கலாமே, மாமா” என்று சீண்டினாள் அஜந்தா.

“கேட்டா வராது எண்டு நீதானே சொன்ன?”

“அது மூட நம்பிக்கை எண்டு நீங்கதானே சொன்ன?”

“இதில பரிசோதனை செய்ய ஏலாது, பிள்ள” என்றார். அவருடைய குரல் இறங்கியிருந்ததால் அவள் சிரிக்கவில்லை. நகவெட்டியைக் கொண்டுவந்து கொடுத்து, ஒரு கீரைத்தண்டை வைத்துக் காட்டினாள். “இந்த முடிச்சு இருக்கே, இதுக்குக் கீழ வெட்டணும். முடிச்சு இல்லாட்டி வேர் விடாது. இலைய மட்டும் பிச்சிக்கொண்டு வந்திராதீங்க.”

சேவைச்செம்மல் பட்டத்துக்கு வாழ்த்துச் சொல்வது என்ற சாட்டில் மறுநாள் காலை பத்து மணி வெயிலில் குடையோடு போனார். பூபாலபிள்ளை கதவைத் திறந்து, யாரென்று பார்த்து, அசந்து நின்றார். பிறகு ஏற்பட்ட மகிழ்ச்சியில் பகையை மறந்தார். ஹோலுக்குள் கொண்டுபோய் இருத்தினார். சுவர் நிறையப் படமும் பட்டமும். அவற்றுக்கு மேலால், ஒரு சட்டத்திலிருந்து இன்னொரு சட்டத்துக்கு, மணிபிளாண்ட் கொடி ஓடியிருந்தது. வினாயகமூர்த்தியின் நெஞ்சு அடித்தது. இலைகள் தனிப் பச்சையாக இருந்தன. மஞ்சள் தெளிப்பு இல்லை. வெளிச்சம் காணாது, அதுதான், என்று தனக்குள் தீர்ப்பளித்தார்.

“ஏற்புரைய நீங்க கேக்கல்லைதானே?” என்றார் பூபாலபிள்ளை.

“இல்லை. கேக்கத்தான் வந்த.”

இப்படியொரு வசனம் பூபாலபிள்ளையின் காதில் அதற்கு முன் விழுந்ததில்லை. எழும்பி நின்று வாசிக்கத் தொடங்கினார். உருக்கமான இடங்களில் கண்ணை மூடுவது அவருடைய வழக்கம். தாயைப் பற்றிய இடத்தில் மூடினார். வினாயகமூர்த்தி நகவெட்டியை எடுத்தார். தாய்மொழியைப் பற்றிய இடத்தில் மூடினார். வினாயகமூர்த்தி முடிச்சைத் தேடினார். மண்ணைப் பற்றிய இடம் நீண்டது. முடிச்சுக்குக் கீழே வெட்டி, கொடியைச் சுருட்டிக் குடைக்குள் போட்டு நிமிர்ந்தபோது, தேத்தண்ணித் தட்டோடு பூபாலபிள்ளையின் மனைவி வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பூபாலபிள்ளை இன்னும் மண்ணில் இருந்தார்.

அவள் கோப்பையை அவருக்கு முன்னால் வைத்தாள். குடையின் விளிம்பில் ஓர் இலை வெளியே தொங்கியது. ஒரு விரலால் அதை உள்ளே தள்ளிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்னப்பூரணியின் செத்தவீட்டுக்கு அவள் வந்து, குசினியில் நின்று மூன்று நாளும் சமைத்தவள் என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வீட்டில் அஜந்தா துண்டைப் போத்தலில் போட்டு, யன்னலுக்குக் கொஞ்சம் உள்ளே, வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தாள். “இனி நீங்க இதத் தொடப்படாது, மாமா. தீர்த்தம் இல்ல, எண்ணெய் இல்ல, ஒண்டுமில்ல. பாக்கலாம். அவ்வளவுதான்.”

அவர் பார்த்தார். பார்ப்பதற்கு மட்டும் அவர் அதற்குமுன் பழகியிருக்கவில்லை. முதலில் முடிச்சில் ஒரு வெள்ளைப் பொட்டு. பிறகு அது ஒரு வேர். பிறகு ஒரு சுருள். சுருள் விரிகிற காலை அவர் பத்திரிகையையும் எடுக்கவில்லை. இலை விரிந்தது. தனிப் பச்சை.

“சின்ன இலைதானே. மஞ்சள் பிறகு வரும்” என்றார்.

“வரும், மாமா” என்றாள் அஜந்தா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த இலையும் பச்சை. அதற்கடுத்ததும். ஆமினா உம்மா வந்தபோது வினாயகமூர்த்தி பெருமையாகப் போத்தலைக் காட்டவில்லை. மூட்டையை இறக்க விட்டு, தேத்தண்ணி குடிக்க விட்டு, பிறகு மெதுவாகக் கேட்டார்.

“உம்மா, இதில மஞ்சள் இனி வருமோ?”

உம்மா இலையைத் திருப்பிப் பார்த்தார். அவருடைய சிரிப்பு நின்றது. “எங்க எடுத்தீங்க?”

“பூபாலபிள்ளை வீட்டில.”

“நெசமாவே போய் எடுத்தீங்களா?” உம்மா மூட்டையில் சாய்ந்தார். “நான் சும்மா வெளாட்டுக்குச் சொன்னன், ஐயா. நீங்க போவீங்க எண்டு நினைக்கல்ல. இது அன்னத்திட கொடி இல்ல. இது வேற சாதி.”

வினாயகமூர்த்தி தலையாட்டினார். அது அவருக்கு முதல் இலையிலேயே தெரியும். கதிரையில் பின்னுக்குச் சாய்ந்து கண்ணை மூடினார். பூபாலபிள்ளை மூடுவதுபோல் இல்லை. ஆமினா உம்மா மூட்டையிலிருந்து நிமிர்ந்தார்.

“அன்னம் மன்னிப்பா” என்றார் கடைசியில். “ஒங்கட கந்தோரிலதான், ஐயா.”

“என்ட கந்தோரிலயா?”

“என்ட மகன்ட கடதாசிக்கு ஒங்கட ஒப்பம் எடுக்க அன்னம்தான் என்னைக் கூட்டி வந்தா. நீங்க ஒப்பத்தப் போட்டுட்டு விட்டீங்களா? ஒப்பம் எண்டா என்ன, அதிட பாரம் என்ன எண்டு எனக்குப் பேசினீங்க. நான் கால் கடுக்க நிண்டன். அன்னம் ஒங்கட மேசையில இரிந்த கொடிய மெல்லப் பிச்சா.”

“என்ட மேசையில செடி இருக்கல்ல.”

“இரிந்த. ஒங்கட எடக்கைப் பக்கம். பைலுக்குப் பின்னால ஏறி யன்னல் வரைக்கும் போயிருந்த. வாற வழியில நான் கேட்டன், ஏன்கா, களவெடுக்க வேற எடம் இல்லயா எண்டு. பகல் முழுக்க அந்த மனிசனோட இரிக்கிற செடி, எனக்கிட்டயும் ஒரு துண்டு இரிக்கட்டும் எண்டா.”

வினாயகமூர்த்தி எழும்பி அறைக்குள் போனார். குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். “மாமா, சாப்பிட்டுட்டுப் போங்களன்” என்று அஜந்தா கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. பஸ் பிடித்துக் கல்லடிப் பாலம் கடந்து புளியந்தீவில் இறங்கி, தான் வேலை செய்த கந்தோரின் படிகளில் ஏறினார். பழைய மேசை பழைய இடத்திலேயே இருந்தது. அதில் இப்போது வதனி என்ற இளம் உத்தியோகத்தர் இருந்தாள்.

“ஐயா! வாங்க, இரிங்க. என்ன விசயம்?”

அவர் இருக்கவில்லை. பைல் அடுக்குக்குப் பின்னால் பார்த்தார். அங்கிருந்து கொடி ஏறி, யன்னல் கம்பியைச் சுற்றி, அலுமாரியின் மேல் படர்ந்து, மறுபக்கத்தால் இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் இலையும் கையகலம். ஒவ்வோர் இலையிலும் மஞ்சள் தெளித்திருந்தது. இந்த யன்னலுக்குக் கீழேதான் அவர் தன் உத்தியோகக் காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தார்.

“வடிவுதானே, ஐயா?” என்றாள் வதனி. “ஒருத்தரும் பாக்கிறதில்ல, தன்ட பாட்டுக்கு வளருது. வேணுமெண்டா ஒரு துண்டு வெட்டித் தரட்டா?”

“வேணாம், வேணாம்!” என்று பதறினார். “தரப்படாது!”

அவள் விழித்தாள்.

“பிள்ள… நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி இரிங்க.”

வதனிக்கு விளங்கியது. அவளுடைய தாயும் எங்கேயோ மணிபிளாண்ட் பிய்த்தவளாக இருக்க வேண்டும். சிரிப்பை அடக்கிக்கொண்டு கதிரையோடு திரும்பி, சுவரிலிருந்த கலண்டரைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினாள். அகில இலங்கைச் சமாதான நீதவான் வினாயகமூர்த்தி, முடிச்சுக்குக் கீழே, ஒரு சாண் துண்டு வெட்டிக் குடைக்குள் போட்டார். வெட்டிய பிறகும் கொஞ்ச நேரம் கொடியைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

“எடுத்தாச்சா, ஐயா?”

“என்னத்த?” என்றார் அவர்.

வதனி சிரித்துக்கொண்டே திரும்பினாள். மேசையில் ஆறிப்போன தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. ஐயாவுக்குப் புதுத் தேத்தண்ணி கொண்டுவர எழும்பிய அவசரத்தில் அதை எடுத்து, பார்க்காமலேயே, இடக்கைப் பக்கம் பைல்களுக்குப் பின்னால் மண்டியைக் கவிழ்த்தாள்.

“பிள்ள, கவனம்! செடிக்குள்ள…” என்று தொடங்கிய வினாயகமூர்த்தி, பைல்களை விலக்கிச் செடியின் அடியைப் பார்த்தார். ஓரம் உடைந்த, நீல விளிம்புள்ள எனாமல் சட்டி.

அந்தச் சட்டியை அவருக்குத் தெரியும். அந்த மேசையில் இருந்த காலம் முழுவதும் அவரும் தேத்தண்ணி மண்டியை அதற்குள்தான் ஊற்றினார். அதைக் குப்பைச் சட்டி என்று நினைத்திருந்தார்.